நடுக்கோட்டில் கிடந்த கோல்

கோலேந்திக் கூடியவெம் கூட்டத்தைக் கூட்டுவித்த
வேலேந்தி சேவடியே காப்பு.

தை மாதம், வளர்பிறைப் பஞ்சமி, உத்திரட்டாதி நாள், வியாழக்கிழமை. எமகண்டம் கழியட்டும் என்று ஏழரை மணி வரை காத்திருந்து, கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலைக்குப் புறப்படும் பேருந்தில் ஏறினேன். என்னுடன் இருவர். சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் காதர் பாய் ஒருவர். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற தனபால் மற்றொருவர். நான் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து நடந்தே காலத்தைக் கழித்தவன். ஆகவே ஊரார்க்கு இன்றும் ‘சர்வேயர்’. மூவர் வயதையும் கூட்டினால் இருநூற்றைத் தாண்டும். ஆளுக்கொரு ஹாக்கிக் கோல் வைத்திருந்தோம். என் மடியில் மட்டும் இரண்டு.

இரண்டாவது கோல் காளியப்பனுடையது. எங்களோடு பத்தாண்டுகள் ஆடியவர், மூன்று வாரங்களுக்கு முன் அதை மைதானத்திலேயே விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டார். அவர் அதை மறந்து போனார் என்றும், அதைக் கொண்டு சேர்க்கவே போகிறோம் என்றும் மற்ற இருவரும் நம்பியிருந்தார்கள். அவர் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் விட்டுச் சென்றார் என்பதும் தெரியும். அதை அந்த இருவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

எதிர் இருக்கையில், சந்தையில் புளி விற்றுவிட்டு வெறுங்கூடைகளோடு திரும்பும் மலைக்காரப் பெண் ஒருத்தி எங்கள் கோல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க இது? மாங்கா பறிக்கிற கோலா?”

“பந்து அடிக்கிற கோலு மா” என்றார் தனபால்.

“யாரு அடிப்பாங்க?”

“இன்னாம்மா இப்பிடிக் கேட்டுட்ட? நாங்கதான்.”

அவள் எங்களை ஒவ்வொருவராக உச்சி முதல் பாதம் வரை அளந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், “பெருசுங்க மூணும் பந்து அடிக்குதாம்டி” என்றாள். பேருந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. காதர் பாய் வெட்கத்துடன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தனபாலோ, வெற்றிக் கோப்பையோடு ஊர் திரும்புகிறவர் போலக் கோலை நிமிர்த்திப் பிடித்தார்.

கரும்புத் தோட்டங்கள் பின்னோக்கிப் போயின. பனி இன்னும் விலகாத வயல்களின் மீது கொக்குகள் நின்ற காட்சி, யாரோ வெள்ளைத் துணிகளை உலர்த்திவிட்டு எடுக்க மறந்து போனாற்போல் இருந்தது. கச்சிராயபாளையத்தில் பேருந்து அரைமணி நேரம் நின்றது. இஞ்சித் தேநீரும், எண்ணெய் சொட்டும் போண்டாவும் கிடைத்தன. எங்கள் ஊர்த் தேநீரில் சர்க்கரை ஜாஸ்தி. இங்கே இஞ்சி ஜாஸ்தி. தொண்டையில் இறங்கும்போதே மலை தொடங்கிவிட்டதை அது சொல்லிற்று. கோமுகி அணையின் நீர்ப்பரப்பு வெயில் படாமல் வெளிறிக் கிடந்தது. அதற்கப்பால் மலை, நீலம் என்றும் சாம்பல் என்றும் துணிந்து சொல்ல முடியாத ஒரு நிறத்தில், இருக்கிறதா என்ற ஐயத்தை எழுப்பிக்கொண்டு நின்றது.

காளியப்பனை நான் அறிந்த கதையை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் அறுபத்தோராம் வயதில் என் மனைவி இறைவனடி சேர்ந்தாள். அதன்பின் ஆறு மாதம் நான் யாருடனும் பேசவில்லை. விடியலில் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடப்பேன். வாய் பழக்கத்தால் பதிகம் பாடும். மனம் அதில் இராது. ஒருநாள் ஒரு வெள்ளைப் பந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. மைதான நடுவில் வயதானவர்கள் சிலர் வளைந்த கோல்களோடு காத்திருந்தனர். நான் பந்தைக் காலால் தள்ளினேன். மெலிந்து கறுத்த ஒருவர் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, “கால்ல தட்டக்கூடாதுங்க ஐயா” என்று சொல்லித் தம் கோலை என் கையில் திணித்தார். அவர்தான் காளியப்பன். வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வுபெற்று, கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். மனைவி ராமாயி மலையைவிட்டு இறங்க மறுத்து நிலத்தோடு இருந்துவிட்டாள். அன்று அவர் வேறொருவரிடம் கோல் இரவல் வாங்கி ஆடினார். நான் வீடு திரும்பும்போது, ஆறு மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

இந்த ஆட்டத்தை நான் விரும்பியதற்குக் காரணம் ஒன்று உண்டு. நிமிர்ந்து நின்றுகொண்டு இதை ஆட இயலாது. பந்து தரையில் இருக்கிறது. முதுகை வளைத்தால்தான் அது வசப்படும். கருவறை முன்னால் பணிந்து பழகிய முதுகுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. எலவனாசூர்கோட்டையில் பிறந்து, அங்கிருக்கும் பழைய சிவன் கோயிலின் குளிர்ந்த கல்லில் நெற்றி பதித்து வளர்ந்தவன் நான். அறுபது வயதுக்கு மேல் இன்னொரு தரையில் பணியக் கற்றேன்; அங்கேயும் அருள் கிடைத்தது.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். நிலையான அணி என்று ஒன்று கிடையாது. காலை ஆறு மணிக்கு எல்லாருடைய கோல்களையும் மைதானத்தின் நடுக்கோட்டில் குவித்துவிடுவோம். ஒருவர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கைக்கு வந்த கோலை எடுத்து ஒன்றை இடப்புறமும் ஒன்றை வலப்புறமும் போடுவார். இடப்புறம் விழுந்தவை ஓரணி. வலப்புறம் விழுந்தவை மற்றோரணி. எந்தப் புறமும் விழாமல் விடுபட்ட கோலுக்குரியவர் அன்று நடுவர். நேற்றைய எதிரி இன்றைய துணைவன். ஆகையால் யாரும் யாரையும் வெறுக்க நேரம் வாய்த்ததில்லை. பிரிக்கும் பணியை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். “சாமி பாட்டுப் பாடுறப்ப கண்ணை மூடுனா தெறக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான்” என்று காதர் பாய் சொன்னதுதான் அதற்குக் காரணம். பத்தாண்டுகள் நான் பிரித்தேன். யாரும் கேள்வி கேட்டதில்லை.

கார்த்திகைக்குப் பின் காளியப்பனின் இடக்கண்ணில் புரை படர்ந்தது. பந்து அந்தப் பக்கமாக வந்தால் அவருக்குத் தெரியாது. ஒருமுறை முழங்காலில் பட்டது. அடுத்த முறை புருவத்தைக் கிழித்தது. அவர் மகள் என் வீட்டுக்கு வந்து அழுதாள். “நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாருங்க. நீங்க சொன்னா கேப்பாரு. ஆட வேணாம்னு சொல்லுங்க ஐயா” என்றாள். சொல்கிறேன் என்றேன். நான்கு நாள் முயன்றேன். என் கையில் கோலைக் கொடுத்தவரிடம், உம் கோலைக் கீழே வையும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஐந்தாம் நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு குவியலில் கைவைத்தேன். காளியப்பன் தம் கோலின் பிடியில், வனத்துறையில் அணிந்திருந்த பழைய இடுப்பு வாரை அறுத்துச் சுற்றியிருப்பார். அந்தத் தோல் என் விரலில் பட்டது. அதை நான் இடப்புறமும் போடவில்லை, வலப்புறமும் போடவில்லை. நடுக்கோட்டிலேயே, என் காலருகே வைத்துவிட்டேன். மற்ற பதினொன்றையும் பிரித்தேன்.

துண்டை அவிழ்த்தபோது அது தனியாகக் கிடந்தது. “சர்வேயரு ஒண்ண வுட்டுட்டாரு! காளி, நீ இன்னிக்கு அம்பயரு!” என்று தனபால் கூவினார். எல்லாரும் சிரித்தார்கள். காளியப்பன் கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரிங்க” என்றார். ஆட்டம் முடியும்வரை கோட்டோரம் நின்றார். மறுநாள் வரவில்லை. கோல் மட்டும் கம்பத்தில் சாய்ந்திருந்தது.

இதுதான் நான் மறைத்தது.

ஏழாவது கொண்டை ஊசி வளைவில் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது. முன்புறத்திலிருந்து ஆவி எழுந்தது. ஓட்டுநர் இறங்கும் முன்னரே தனபால் இறங்கிவிட்டார்.

“ரேடியேட்டர் தண்ணி பாத்தியாப்பா காலையில?”

“பாத்தேன் பெரியவரே. நீங்க போய் ஒக்காருங்க.”

“எங்க பாத்த? மூடியத் தொறந்து பாத்தியா, மூடியப் பாத்தியா?”

மலைக்காரப் பெண் இருக்கைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் குடத்தை எடுத்து நீட்டி, பாறைச் சரிவில் வழியும் ஊற்றைக் காட்டினாள். வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றித் தண்ணீர் கொண்டுவந்தோம். அந்த நேரத்தில் மேகம் ஒன்று சாலையில் இறங்கிற்று. எனக்கு முன்னால் நின்ற காதர் பாய் மறைந்தார். அவருடைய கைகள் மட்டும் வெண்மையிலிருந்து வெளிவந்து குடத்தை வாங்கிக்கொண்டன. மேலே எங்கோ ஒரு பறவை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவற்றின் நகக்கண்ணில் சைக்கிள் எண்ணெய்க் கறை. பத்தாண்டுகளாக எனக்குப் பந்தைத் தள்ளிவிட்ட கைகள். அறுபது வயதுக்குமேல் ஒருவனுக்கு இறைவன் புதிதாக எதைக் கொடுப்பான்? பல் கொடுப்பதில்லை, முழங்கால் கொடுப்பதில்லை. எனக்கு மனிதர்களைக் கொடுத்தான். அந்த எண்ணம் வந்ததும் மனம் நிறைந்தது, உடனே சுருங்கியது.

வெள்ளிமலையில் இறங்கி, ஜீப்பில் நான்கு கல் தூரம் குலுங்கிச் சென்றோம். காளியப்பனின் வீடு ஒரு சரிவின் மேல். முன்னால் அறுவடை முடிந்த சாமை நிலம். நாங்கள் போனபோது அவர் கூரைக்கு விழல் சீவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

“வாங்க வாங்க. இம்மாந்தூரம் எதுக்கு அலைஞ்சிக்கினு? சொல்லி அனுப்புனா நானே வந்திருக்க மாட்டேனா?”

“சொல்லி அனுப்புனா நீ வருவியா? உன் போனு மூணு வாரமா செத்துக் கெடக்குது” என்றார் தனபால். என் கையிலிருந்த இரண்டாவது கோலை வாங்கி அவரிடம் நீட்டினார். “இந்தா. மறந்துட்டு வந்துட்ட.”

காளியப்பன் கை நீட்டவில்லை. “மறக்கல. வெச்சிட்டு வந்தேன்” என்றார்.

தனபால் கோலை நீட்டியபடியே நின்றார். வீட்டுக்குள்ளிருந்து ராமாயி வந்து, அதை அவர் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் சாத்தினாள். “மொதல்ல கை கழுவுங்க. சோறு ஆறிப்போவுது” என்றாள்.

சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கொஞ்சம் மலைத்தேன். எங்கள் ஊர் அரிசிச் சோறு வாயில் கரையும்; சாமையோ ஒவ்வொரு மணியாக நின்று நம்மை விசாரித்துவிட்டு உள்ளே போகிறது. பாய்க்கும் தனபாலுக்கும் நாட்டுக்கோழிக் குழம்பு வேறு இருந்தது. “ஐயாவுக்குக் கவிச்சி ஆவாதுன்னு இவரு எப்பவும் சொல்லிக்கினு இருப்பாரு. அதான் வேற சட்டியில ஆக்கிக்கீறேன்” என்றாள் ராமாயி. நான் தலை கவிழ்ந்து உண்டேன். காளியப்பன் எனக்கும் மற்றவர்க்குச் செய்ததுபோலவே பரிமாறினார்; எதிலும் குறை இல்லை. ஆனால் மற்றவர்களோடு பேசினார், சிரித்தார். என்னிடம் மட்டும் வேண்டியதைக் கேட்டார், கொடுத்தார். அந்தி மயங்கும் வேளையில் மேற்கே பஞ்சமிப் பிறை தெரிந்தது. பாய் ஒரு மூலையில் தொழுதார். நான் திருநீறு அணிந்து, திண்டாடும் குரலில் பாடினேன். இடையில் ஓர் அடி மறந்துபோயிற்று. சிறு வயது முதல் மறக்காத அடி.

வெள்ளிக்கிழமை காலையில் மலை எங்கும் பால் பொங்கினாற்போல் மூடுபனி. கேழ்வரகுக் களியும் கீரையும் உண்டு முடித்தபோது அது கொஞ்சம் கொஞ்சமாக விலகி, சாமை நிலத்தின் அரிதாள்களை வெளிப்படுத்தியது. தனபாலுக்குக் கை ஊறிற்று.

“காளி, இந்த நெலத்துல ஆடலாமா?”

“சரிவு. பந்து உருண்டா பள்ளத்துக்குத்தான் போவும்.”

“உருண்டா நீ போய் எடுத்துக்கினு வா. உன் நெலம்தானே?”

ராமாயி சிரித்தாள். காளியப்பனும் சிரித்து எழுந்தார். சுவரோரம் இருந்த தம் கோலை அவர் எடுக்கவில்லை. தனபாலே எடுத்து வந்து மற்ற மூன்றோடு குவித்தார். தோளிலிருந்த துண்டை என்னிடம் நீட்டினார்.

“கட்டுங்க சர்வேயரே. நாலே நாலு கோலு. ரெண்டு இந்தாண்ட, ரெண்டு அந்தாண்ட.”

துண்டை வாங்கினேன். பழக்கம் வலியது, கட்டியும்விட்டேன். குனிந்து கை வைத்தேன். முதலில் பட்டது அந்தத் தோல் வார்தான். என் விரல்கள் அதன்மேல் நின்றுவிட்டன. மூடிய கண்ணுக்குள் இருள் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் துண்டை அவிழ்த்தேன்.

“பாய், தனபால், ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் காளியப்பன் கோல் தவறிப்போய் விடுபடலை. தோல் வார் கையில பட்டுது. யாருடையதுன்னு தெரிஞ்சுதான் நடுவில வச்சேன்.”

“தெரிஞ்சேவா?” என்றார் பாய்.

“தெரிஞ்சே.”

தனபால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். “அப்போ இத்தினி வருசமா என்னைப் பாயோட சேத்து வுட்டதும் நீங்கதானா? அதான் தோத்துக்கினே இருந்தேன்.” யாரும் சிரிக்கவில்லை. தொடங்கிய சிரிப்பை அவரும் பாதியில் நிறுத்திவிட்டார்.

“வேறே எந்த நாளும் இல்லை. அந்த ஒரு நாள்தான்” என்றேன்.

“அத எப்பிடிங்க நான் நம்புறது?” என்றார் பாய். “பாடுற வாயி சுத்தம், கையும் சுத்தம்னு நெனச்சிக் கண்ணைக் கட்டி வுட்டோம். எந்தப் பக்கம் போட்டாலும் ஒருத்தன் ஒரு வார்த்த கேட்டதில்ல. கேக்காம இருந்தது ஆட்டத்துக்காவ இல்லீங்க ஐயா, உங்களுக்காவ.” தம் கோலை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்துவிட்டார்.

நான் காளியப்பனை நோக்கினேன். மகள் வந்து அழுததையும், நான்கு நாள் நா எழாமல் நின்றதையும் சொன்னேன். அவர் ஒரு சாமைத் தாளைக் கிள்ளிப் பல்லில் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் ஐயா. அந்த வாரைத் தொட்டவன் கை தெரியாம வுடாது. மத்தவனுங்க சிரிச்சப்ப நானும் சிரிச்சிருக்கணும். முடியல.”

“மன்னிக்கணும்.”

“ஆட வேணாம்னு சொல்ல உங்களுக்கு ஞாயம் இருக்குது. இல்லேன்னு சொல்லல. எதிர்ல நின்னு, ‘காளி, உனுக்குக் கண்ணு தெரியல, ஒக்காரு’ன்னு சொல்லியிருந்தா, திட்டியிருப்பேன். அப்புறம் கேட்டுமிருப்பேன். கண்ணக் கட்டிக்கினு சொன்னீங்க பாருங்க, அதான் தாங்கல.”

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு விழல் சீவப் போய்விட்டார். அன்று ஆட்டம் இல்லை.

பிற்பகலில் மீண்டும் மேகம் இறங்கிற்று. நான் நிலத்தின் விளிம்பில் ஒரு பாறைமேல் அமர்ந்திருந்தேன். கீழே சமவெளி இருந்த இடத்தில் வெண்மை மட்டுமே. நான் அளந்து கல் நட்ட எத்தனையோ நிலங்கள் அதன் அடியில் கிடந்தன. ஓர் எல்லைக்கல்லும் தெரியவில்லை. பொய் எல்லையைக் காட்டச் சொல்லி எத்தனையோ பேர் வற்புறுத்தியும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு சாண் பிசகாமல் அளந்தவன் நான். நண்பருக்கென்று வந்தபோது பிசகினேன். அதற்கு அன்பு என்று பெயரும் வைத்துக்கொண்டேன். என் கோழைத்தனத்துக்கு அன்பின் ஆடையை உடுத்தியதைத்தான் அவர் பொறுக்கவில்லை.

யாரோ வரும் ஓசை கேட்டது. காதர் பாய். கையில் இரண்டு குவளைகள். ஒன்றை என் பக்கத்தில் வைத்தார்.

“எனுக்குக் கோவம் போவலீங்க.”

“சரி.”

“போறதுக்கு நாளாவும்.”

“சரி, பாய்.”

“டீ ஆறிடும். குடிங்க.”

அவரும் பாறையில் அமர்ந்தார். இருவரும் குடித்தோம். மேகம் எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து போயிற்று. எழுபது வயதில் ஒருவர் நம்மீது உண்மையாகக் கோபப்படுகிறார் என்பது எவ்வளவு பெரிய கொடை! அந்த வயதில் உறவினர் பொறுத்துக்கொள்வார்கள், பிள்ளைகள் சகித்துக்கொள்வார்கள். கோபப்படுவதற்கு, நாம் இன்னும் திருந்துவோம் என்ற நம்பிக்கை ஒருவருக்கு நம்மேல் இருக்க வேண்டும். அதை அங்கே அமர்ந்துதான் உணர்ந்தேன்.

வெயில் தாழ்ந்தபின் காளியப்பனிடம் சென்றேன். விழற்கட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அவர் நேர் எதிரில் நின்றேன்.

“காளியப்பன், உங்க இடக்கண்ணுல புரை முத்திப்போச்சு. பந்து வர்றது தெரியலை. இப்படியே ஆடினா அடுத்த தடவை கண்ணே போயிடும். அறுவை செஞ்சுக்கிற வரைக்கும் நீங்க ஆடக்கூடாது. இது என் எண்ணம். கேக்கிறதும் கேக்காததும் உங்க இஷ்டம்.”

அவர் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க முட்டி மட்டும் இன்னா வாழுது? தெனம் ரெண்டு தபா வுழறீங்க. எவனாவது ஒக்காருன்னு சொன்னானா?”

“இல்லை.”

“நான் சொல்றேன். ஒக்காருங்க.”

விழற்கட்டின்மேல் உட்கார்ந்தேன். அவரும் எதிரில் குந்தினார். “உங்களுக்குச் சொல்லத் தெரியும்னு காட்டிட்டீங்க. எனுக்கு யோசிக்கணும்” என்றார். இருட்டும் முன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தனியே பாறைமேல் ஏறிப் போனார். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். யாருடன் பேசினார் என்று ராமாயிக்கும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் விடைபெற்றோம். ராமாயி ஆளுக்கொரு பை நிறையச் சாமை கொடுத்தாள். காளியப்பன் வீட்டில் இல்லை. “வெடியக்கால எழுந்து போனாரு. எங்கன்னு சொல்லல” என்றாள். சுவரோரம் கோலும் இல்லை. தனபால் என்னைப் பார்த்தார். அவரிடம் விடைகூட வாங்காமல் ஜீப்பில் ஏறினோம்.

வெள்ளிமலையில் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. முதலில் ஏறிய தனபால் படியிலேயே நின்று உரக்கச் சிரித்தார். உள்ளே, ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில், வெளுத்த வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாகக் காளியப்பன் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. கால்களுக்கிடையில் கோல். சன்னலோரத்தை விட்டு நகர்ந்து, எனக்கு இடம் காட்டினார். நான் அமர்ந்தேன்.

“கண்ணை வெட்டிக்கப் போறேன்” என்றார். “செவ்வாக்கெழம நாளு குடுத்திருக்காங்களாம். பொண்ணு நேத்து ராத்திரியே போய்க் கேட்டுட்டு வந்து போன்ல சொல்லிச்சு.”

“நல்லது காளியப்பன். ரொம்ப நல்லது.”

“இருங்க, இன்னும் முடிக்கல. கண்ணு தெரிஞ்சா ஆடுவேன். தெரியலன்னாலும் ஆடுவேன். எதிர்ல நின்னு வேணாம்னு சொல்லுங்க, எதிர்ல நின்னு சண்ட போடுவேன்.”

“சரி.”

பேருந்து நகர்ந்தது. முதல் வளைவில் திரும்பியபோது மலைச்சரிவு முழுவதும் வெயில் பரவி, ஒவ்வொரு இலையிலும் பனி சொட்டிற்று. அவர் கோலை எடுத்து, தம் கால்களுக்கு இடையூறாக இருக்கிறது என்பதுபோல, என் மடியில் வைத்தார்.

“ஆஸ்பத்திரியில கூட ஒரு ஆளு இருக்கணும், பேரு இன்னான்னு கேட்டாங்களாம். பொண்ணு, நான் இருக்கேன்னுச்சு. வேணாம்னுட்டேன். உங்க பேரைக் குடுத்துட்டேன்.”

நான் அவரைப் பார்த்தேன். புரை படர்ந்த அந்தக் கண் பால் கலந்த நீர்போல் வெளிறி இருந்தது. மற்றொரு கண் என்னை உற்றுப் பார்த்தது.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா சொட்டு மருந்து வுடணுமாம். பாட்டுப் பாடிக்கினே மறந்துடப் போறீங்க.”

“மறக்க மாட்டேன்” என்றேன். பின்னிருக்கையிலிருந்து காதர் பாய் குனிந்து, “மறந்தா நான் நெனப்பு பண்றேன்” என்றார். கோபித்த பின் என்னை நோக்கி அவர் சிரித்தது அப்போதுதான்.

இதை வாசிக்கும் அனைவர்க்கும் கண் ஒளி குன்றாதிருக்கட்டும். குன்றினாலும், நேரில் நின்று அதைச் சொல்ல ஒரு நண்பர் வாய்க்கட்டும். சொன்னபின் மருந்திட அவர் கை நடுங்காதிருக்கட்டும். எந்த வயதில் வந்தாலும் உங்கள் நட்புகள் வாழ்நாள் முழுவதும் நீளட்டும். வேலேந்திய பெருமான் உங்கள் இல்லந்தோறும் துணை நிற்பானாக.